பட்டில் எழுதிய இளவேனில்

நுழையும்முன்

இயற்கைக் காட்சி ஓவியம் ஒன்றின் முன் நிற்பவர், அதில் மலையும் மரமும் நீரும் இருப்பதை நொடிப்பொழுதில் கண்டுகொள்வார். அம்மலை என்ன மனநிலையில் இருக்கிறது என்பதை அறிய நெடுநேரம் நிற்க வேண்டும். அவ்வாறு நின்று காண்போருக்காகவே தூரிகை பிடித்தவர் சீன ஓவியர் குவோ ஷி. அவருடைய வாழ்வையும், அவர் எழுதிய ஒரு மலையைப் பல காலத்தவர் பல விதமாகக் கண்ட கதையையும் கூறுகிறது இப்பாடம்.

மலையோடு பழகிய இளமை

மஞ்சளாற்றின் வடகரையில், இன்றைய ஹெனான் மாநிலத்திற்குட்பட்ட வென் என்னும் பகுதியில் 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிறந்தவர் குவோ ஷி. அவர் குடும்பத்தில் ஓவியர் எவரும் இருந்ததில்லை. இளமையில் அவரை ஈர்த்தது தாவோ நெறி. உலகப் பரபரப்பிலிருந்து விலகி, மலையிலும் நீர்நிலையிலும் இயற்கையின் ஓட்டத்தை உணர்ந்து வாழச் சொல்லும் நெறி அது. அந்நெறி பற்றி ஊர் ஊராக, மலை மலையாக அலைந்த இளைஞர் பின்னாளில் அம்மலைகளையே பட்டுத்துணியில் எழுதத் தொடங்கினார். ஓவியப் பயிற்சி அவருக்குப் பட்டறையில் தொடங்கியதன்று, கால்நடையில் தொடங்கியது. அவருடைய ஓவியங்களைப் புரிந்துகொள்வதற்கு இச்செய்தி மிகவும் உதவும்.

ஓவிய மரபில் அவர் ஆசானாகக் கொண்டவர், தமக்கு ஒரு தலைமுறைக்கும் முன்னரே மறைந்துவிட்ட லீ செங் (919 – 967). குளிர்காலத்து வெற்றுமரங்களையும் தொலைவில் தேய்ந்து மறையும் சமவெளியையும் எழுதுவதில் லீ செங் பெரும் புகழ் பெற்றவர். இலையுதிர்ந்த கிளைகளின் நுனிகளை நண்டின் கால்களைப் போல வளைத்து எழுதும் முறையை அவர் வழியிலேயே குவோ ஷி கற்றார். பாறைகளை எழுதும் முறை மட்டும் அவருக்கே உரியதாயிற்று. நீர்த்த மையை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல படலங்களாகப் பூசி, விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாதவாறு பாறையை உருட்சியாக எழுதினார். சுருண்டெழும் மேகம் இறுகிப் பாறையானதோ, பாறை இளகி மேகமாகிறதோ என்று காண்போர் மயங்குவர்.

அரண்மனை ஓவியர்

அக்காலச் சீனத்தை ஆண்டவர்கள் சொங் மரபினர்; தலைநகர் கைஃபெங். 1067ஆம் ஆண்டில் ஷென்சோங் பேரரசர் அரியணை ஏறியபோது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை. அடுத்த ஆண்டையொட்டிக் குவோ ஷி அரண்மனைக்கு அழைக்கப்பட்டார். அரசவை ஓவியக் கழகத்தில் படிப்படியாக உயர்ந்து அதன் மேல்நிலைப் பதவியை அடைந்தார். அரண்மனைச் சேமிப்பில் இருந்த பழைய ஓவியங்களைத் தரம் ஆய்ந்து மதிப்பிடும் பணியையும் பேரரசர் அவரிடமே ஒப்படைத்தார். மண்டபச் சுவர்கள், அரியணைக்குப் பின்னே நிற்கும் மடிப்புத் திரைகள், அலுவலகங்களின் தட்டிகள் என அரண்மனையில் அவருடைய மலைகள் எழாத இடம் அரிதாயிற்று. அவருடைய ஓவியங்களை மட்டுமே கொண்டு ஒரு மண்டபம் முழுவதும் அணிசெய்யப்பட்டது.

அரசவை ஓவியர் என்பது அன்று மதிப்பும் கட்டுப்பாடும் ஒருங்கே கொண்ட நிலை. கவிதை எழுதும் அறிஞர், அரசு அலுவலர். ஓவியம் எழுதுபவரோ ஆணைக்கேற்பப் பணிசெய்யும் கைவினைஞர் என்றே பெரும்பாலோர் எண்ணினர். எந்த அளவில், எந்தச் சுவருக்கு, எந்தப் பருவத்தை எழுத வேண்டும் என்பதை அவர் மட்டுமே முடிவு செய்ய இயலாது. தாவோ நெறியில் அலைந்து திரிந்தவர் அரண்மனையின் மதில்களுக்குள் அமர்ந்து மலைகளை நினைவிலிருந்து எழுதினார். அவருடைய மலைகளில் ததும்பும் ஏக்கத்திற்கு இம்முரணும் ஒரு காரணமாகலாம்.

சுவரோவியம் பற்றிய ஒரு செய்தியைத் தெங் சுன் என்பவர் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய ஓவிய வரலாற்றில் காண்கிறோம். முற்காலச் சிற்பி ஒருவர் சுதையால் அமைத்த மலைக்காட்சிச் சுவரைக் கண்டு வியந்த குவோ ஷி, சுவர் பூசுவோரிடம் கரணையைக் கீழே வைத்துவிடுமாறு கூறினாராம். வெறுங்கைகளால் சாந்தை அள்ளி எறிந்து, மேடும் பள்ளமுமாகவே விட்டுவிடச் செய்தார். சாந்து உலர்ந்ததும், அதன் மேடுகளில் மலைமுகட்டையும் பள்ளங்களில் பள்ளத்தாக்கையும் கண்டு, மையால் அவற்றைப் பின்தொடர்ந்தார். பிறகு மாடங்களையும் மனித உருவங்களையும் சேர்த்தார். சுவரில் தம் எண்ணத்தைத் திணிக்காமல், சுவரில் ஏற்கெனவே உள்ள மலையைத் தேடிக் கண்டறிந்த செயல் இது.

விருந்தினரை எதிர்கொள்வது போல

குவோ ஷியின் கருத்துகளும் பழக்கங்களும் இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம் அவர் மகன் குவோ சு. 1082ஆம் ஆண்டில் அரசுப் பணிக்கான உயர்தேர்வில் வென்ற அவர், தந்தை அவ்வப்போது கூறியவற்றைத் தொகுத்துக் காடும் ஓடையும் தரும் உயர்நோக்கு என்னும் பொருள்படும் பெயரில் ஒரு நூலாக்கினார். கைவினைஞர் மகன் என்ற பெயரை விட அறிஞர் மகன் என்ற பெயர் அலுவலரான அவருக்கு உகந்ததாக இருந்திருக்கும். ஆகவே தந்தையைப் பற்றிய அவர் சித்திரிப்பில் சற்று மெருகு ஏறியிருப்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். ஆயினும், சீன இயற்கைக் காட்சி ஓவியத்தின் உள்மனத்தை இவ்வளவு தெளிவாகத் திறந்துகாட்டும் நூல்கள் மிகச் சிலவே.

ஓவியம் எழுதும் நாளில் குவோ ஷி வெளிச்சம் மிக்க சாளரத்தருகே அமர்வார். மேசையைத் துடைத்து, நறும்புகை ஏற்றி, கைகளைக் கழுவி, மைக்கல்லைத் தூய்மை செய்வார். மதிப்பிற்குரிய விருந்தினர் ஒருவர் வரவிருப்பதுபோல அவர் நடந்துகொள்வார் என்று மகன் நினைவுகூர்கிறார். மனம் ஒன்றாத நாளில் தூரிகையைத் தொடமாட்டார். பாதியில் நின்ற ஓவியம் பல நாள்கள் அப்படியே கிடக்கும். மனம் கூடியதும் பிறவற்றை மறந்து எழுதுவார். எழுதியதை மீண்டும் மீண்டும் திருத்துவார். சோர்ந்த மனத்தோடு எழுதினால் அச்சோர்வு ஓவியத்திலும் படிந்துவிடும் என்பது அவர் கொள்கை. ஓவியத்தின் மெய்ப்பாட்டை அவர் பொருளில் மட்டும் தேடவில்லை, எழுதுபவரின் மனநிலையிலும் தேடினார்.

காண்பவரிடமும் அவர் சிலவற்றை எதிர்பார்த்தார். வழிப்போக்கராகக் கடந்து செல்லத்தக்க மலைகள் உண்டு. நின்று நோக்கத்தக்கவை உண்டு. உலாவத்தக்கவை, வாழ்ந்திருக்கத்தக்கவை உண்டு. பின்னிரண்டையே அவர் உயர்ந்தவையாகக் கருதினார். அரசுக்கும் பெற்றோருக்கும் ஆற்ற வேண்டிய கடமைகளால் ஊரை விட்டு அகல இயலாதவர்கள் வீட்டிலிருந்தே காட்டுக்குள் சென்று வர ஓவியம் துணைபுரிய வேண்டும் என்பது அவர் விருப்பம். எண்ணிப்பார்த்தால், அரண்மனையை விட்டு எளிதில் வெளியேற முடியாத பேரரசரே அத்தகைய ஓவியத்தின் தேவை மிகுந்தவர்.

பூவில்லாத இளவேனில்

குவோ ஷியின் படைப்புகளுள் தலைசிறந்ததாகப் போற்றப்படுவது 1072ஆம் ஆண்டில் எழுதிய ‘இளவேனில் தொடக்கம்’. பட்டுத்துணியில் மையும் மெல்லிய நிறமும் கொண்டு எழுதப்பட்டுத் தொங்கவிடப்படும் சுருள் ஓவியம் இது. உயரம் ஏறத்தாழ 158 செ.மீ., அகலம் 108 செ.மீ. ஒரு மனிதர் நின்று நேருக்கு நேர் காணத்தக்க அளவு.

இளவேனில் என்றவுடன் மலரைத் தேடும் கண் இங்கு ஏமாறும். ஓவியத்தில் ஒரு பூ கூட இல்லை. தளிரும் இல்லை. பாறைகள்மேல் நிற்கும் மரங்களுள் பைன் மரங்கள் ஒழிய ஏனையவை நண்டுக்கால் கிளைகளை விரித்து வெறுமையாய் நிற்கின்றன. குளிர்காலக் காட்சி என்று ஒருவர் சொன்னால் உடனே மறுக்க இயலாது. பின் எதைக் கொண்டு இதனை இளவேனில் என்பது?

முதல் விடை, பனிமூட்டம். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து அது மெல்ல எழுகிறது. மலையின் இடுப்பை மறைத்து, உச்சியை நிலத்தினின்று பிரித்து, மலையே மிதப்பதுபோன்ற தோற்றத்தைத் தருகிறது. இறுகிய குளிரில் இவ்வாறு ஆவி எழாது. மண்ணில் சூடு பரவத் தொடங்கியதன் அறிகுறி அது. அடுத்த விடை, நீர். வலப்புற மலையிடுக்கில் அருவி பல படிகளாக இறங்குகிறது. உறைந்து கிடந்தது இளகி ஓடுகிறது. மூன்றாவது, மலையின் உடல். நடுவிலுள்ள பெருமலை நேராக நிமிர்ந்து நிற்கவில்லை. அடிவாரப் பாறையிலிருந்து உச்சிவரை வளைந்து, முறுகி, நெளிந்து எழுகிறது. நெடுந்துயில் நீங்கிய ஒருவர் உடம்பை முறுக்கிச் சோம்பல் முறிக்கும் அசைவு அதில் உள்ளது.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓவியத்தின் மெய்ப்பாடு ஒற்றைச் சொல்லில் அடங்காது என்பது புலப்படும். மகிழ்ச்சி என்றால் வெறுங்கிளைகள் மறுக்கின்றன. துயரம் என்றால் அருவி மறுக்கிறது. குளிர் விலகவில்லை, வெம்மை வந்து சேரவில்லை. இரண்டிற்கும் இடைப்பட்ட ஒரு தயக்கம், அதனூடே ஓர் எதிர்பார்ப்பு. அழகாக இருக்கிறது என்று கூறி நகர்பவர் இதனை இழப்பார்.

கண்ணுக்கு எளிதில் தென்படாத இன்னொரு பகுதி உண்டு. அது மனிதர்கள். நகத்தளவே உள்ள அவர்களைத் தேடித்தான் காண வேண்டும். இடப்புறம் அடியில், நீர்க்கரையில், குழந்தையுடன் ஒரு பெண்ணும் உடன் வருவோரும் படகை விட்டு இறங்கி நடக்கின்றனர். வலப்புறம் அடியில் ஒரு படகோட்டி. சற்று மேலே மலைவழியில் பயணிகள் ஏறிச் செல்கின்றனர். அவர்கள் செல்லும் திசையில் கண்ணைச் செலுத்தினால், வலப்புறத்து இடுக்கில், அருவிக்கு மேலே, அடுக்கடுக்கான மாடங்களின் கூரைகள் தெரிகின்றன. வழி சில இடங்களில் பாறைக்குப் பின்னே மறைந்துவிடுகிறது. அங்கே கண் நின்றுவிடுவதில்லை; மறைந்த வழியை மனம் தொடர்ந்து நடக்கிறது. மலைமலையாக அலைந்த ஓவியரின் கால்களே இப்பாதையை வகுத்தன எனலாம்.

மலையைக் காண மூன்று தொலைவுகள் உண்டு என்று குவோ ஷி வகுத்திருந்தார். அடிவாரத்தில் நின்று உச்சியை அண்ணாந்து பார்ப்பது உயர்தொலைவு. மலையின் முன்னே நின்று அதன் பின்னுள்ளவற்றை ஊடுருவிப் பார்ப்பது ஆழ்தொலைவு. அருகிலுள்ள மலையிலிருந்து எட்டத்து மலைகளைப் பரந்து நோக்குவது சமதொலைவு. முதலாவது ஓங்கிய உணர்வையும், இரண்டாவது செறிந்து அடர்ந்த உணர்வையும், மூன்றாவது பரந்து விரிந்து மங்கலில் கலக்கும் உணர்வையும் தரும். இம்மூன்றும் இவ்வோர் ஓவியத்தில் உள்ளன: நடுவே உயர்தொலைவு, வலப்புற இடுக்கில் ஆழ்தொலைவு, இடப்புறம் ஆற்றுப்படுகை தேய்ந்து மறையும் வெளியில் சமதொலைவு. ஒரே இடத்தில் அசையாது நிற்கும் கண்ணுக்கு இவை ஒருசேரத் தெரிய வழியில்லை. நடந்து செல்பவருக்கே தெரியும். நிலமும் பொழுதும் உரிப்பொருளுக்குப் பின்புலமாக நிற்பதைத் திணை இலக்கியத்தில் கற்ற மாணவர்க்கு, காண்பவர் நிற்கும் இடத்தையும் அவற்றோடு சேர்த்த குவோ ஷியின் பார்வை சிந்தனைக்குரியது.

அரசரின் மலை, கவிஞரின் மலை

ஓவியம் எழுதப்பட்ட 1072, சீன வரலாற்றில் அமைதியான ஆண்டன்று. தலைமை அமைச்சர் வாங் ஆன்ஷி, பேரரசரின் முழு ஆதரவோடு 1069 முதல் பெரும் சீர்திருத்தங்களைச் செயல்படுத்தி வந்தார். உழவர்க்கு அரசே கடன் வழங்குவது, கட்டாய ஊழியத்திற்கு மாற்றாக வரி பெறுவது முதலியன அவற்றுள் அடங்கும். அரசவை ஆதரிப்போர், எதிர்ப்போர் என இரண்டாகப் பிளந்தது.

பெருமலையை அரசராகவும் சூழ்ந்த குன்றுகளை அவரைப் பணிந்து நிற்கும் அவையோராகவும் காணலாம் என்ற கருத்து, குவோ சு தொகுத்த நூலிலேயே உள்ளது. இதனைப் பற்றிக்கொண்டு, ‘இளவேனில் தொடக்கம்’ இளம் பேரரசரின் புதிய ஆட்சியை வாழ்த்தும் ஓவியம் என இக்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். உச்சியில் அரசர், அவருடைய அருளாகிய வெம்மை அருவியாய் இறங்கி, அடியில் படகை விட்டிறங்கும் எளிய குடும்பம் வரை எட்டுகிறது என்பது அவர்கள் விளக்கம். இவ்விளக்கம் பொருந்துகிறது, ஆனால் ஓவியம் முழுவதையும் அது விளக்கிவிடவில்லை. வாழ்த்து மட்டுமே நோக்கமாயின் மலை இவ்வளவு முறுகி, பனியில் பாதி மறைந்து, தயங்கி நிற்க வேண்டியதில்லை.

சீர்திருத்தத்தை எதிர்த்தவர்களுள் ஒருவர், பெருங்கவிஞர் சூ ஷி. சூ தோங்போ என்னும் பெயராலும் அறியப்பட்டவர். தம் கவிதைகளில் ஆட்சியை இகழ்ந்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு 1079இல் சிறைப்பட்டார். அடுத்த ஆண்டு ஹுவாங்ஜோ என்னும் ஊருக்கு ஒதுக்கி அனுப்பப்பட்டார். நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே நிலத்தை உழுது, ஆற்றையும் மலையையும் பார்த்து வாழ்ந்தார். 1085இல் ஷென்சோங் மறைந்தபின் தலைநகருக்குத் திரும்ப அழைக்கப்பட்டு, அரசவை அறிஞர் கழகத்தில் உயர்பதவி பெற்றார். அக்கழகத்தின் மண்டபத்தில் நின்றது, குவோ ஷி எழுதிய இளவேனில் மலைகளின் திரை.

தம்மைத் தண்டித்த பேரரசர் போற்றிய ஓவியரின் மலை அது. சூ ஷி அதனில் அரசரைக் காணவில்லை. அத்திரையையும், குவோ ஷி எழுதிய சிறிய இலையுதிர்காலச் சுருள் ஒன்றையும் கண்டு 1087ஆம் ஆண்டையொட்டி அவர் பாடிய கவிதையில், பதவியைத் துறந்து மலையும் ஆறும் உள்ள இடம் சென்று சேரும் விருப்பமே மேலோங்கி நிற்கிறது. அதற்கு எதிர்ப்பாட்டு எழுதிய நண்பர் ஹுவாங் திங்ஜியன், ஒதுக்கப்பட்ட காலத்தில் சூ ஷி கண்ட மலைகளையும் மண்டபத்தில் காணும் மலைகளையும் இணைத்துப் பாடினார். நரைத்த தலையோடும் குன்றாத பார்வையோடும் குவோ ஷி அப்போதும் எழுதிக்கொண்டிருந்ததை அப்பாடலால் அறிகிறோம். ஒருவர் அரசின் ஒழுங்கைக் கண்ட மலைகளில் இன்னொருவர் விடுதலையைக் கண்டார். வாழ்ந்திருக்கத்தக்க மலையை எழுத விரும்பிய ஓவியருக்கு இவ்விருவருமே தகுந்த விருந்தினர்.

முதுமையில் எழுதியதாகக் கருதப்படும் மற்றோர் ஓவியம் ‘முதுமரங்கள், சமதொலைவு’. இதில் பெருமலை இல்லை. அகன்ற நீர்ப்பரப்பு, மூட்டத்தில் கரையும் தொலைக்குன்றுகள், முறுகிய பழமரங்கள். முதியவர் இருவர் ஒரு மண்டபத்தை நோக்கி மெல்ல நடக்கின்றனர். பணி ஓய்வு பெற்றுச் செல்லும் நண்பர் ஒருவர்க்கு விடைகொடுக்க எழுதப்பட்டிருக்கலாம் என்பர். பிரிவைச் சொல்ல முகங்களை எழுத வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை. மரங்களின் முதுமையும் நீரின் அகலமும் போதுமானவையாக இருந்தன. இவ்வோவியம் இன்று நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் உள்ளது.

துடைக்கும் துணி

குவோ ஷி மறைந்து சில ஆண்டுகளில், 1100இல், ஷென்சோங்கின் மகன் ஹுய்சோங் அரியணை ஏறினார். அவர் தாமே சிறந்த ஓவியர். பறவையையும் மலரையும் நுணுக்கமாக எழுதுவதில் வல்லவர். பழங்கால ஓவியங்களைத் தேடிச் சேர்த்தவர். கலையை வெறுத்த அரசர் ஒருவர் காலத்தில் நிகழ்ந்திருந்தால் அடுத்து வரும் செய்தி வியப்பளிக்காது. கலைஞர் ஒருவர் ஆண்ட காலத்தில் நிகழ்ந்ததே வியப்பு.

தெங் சுன் தம் நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார். அவருடைய பாட்டனார் உயர்பதவியில் இருந்தபோது தலைநகரில் அரசு ஒரு மாளிகையை அவருக்கு வழங்கியது. மாளிகைப் பணிகளைப் பார்வையிடச் சென்ற தெங் சுன்னின் தந்தை, தொழிலாளர் ஒருவர் பழைய பட்டுத்துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பதைக் கண்டார். துணியில் மை தெரிந்தது. வாங்கி விரித்துப் பார்த்தார், மலையும் நீரும். குவோ ஷியின் தூரிகை என்பதை அறிந்துகொண்டார். துணி எங்கிருந்து வந்தது என விசாரித்தபோது, முந்தைய பேரரசர் ஒரு மண்டபம் முழுவதும் இவ்வோவியரின் படைப்புகளைத் தொங்கவிட்டிருந்தார் என்றும், புதிய பேரரசர் அவற்றை அகற்றிப் பழங்கால ஓவியங்களை வைத்துவிட்டார் என்றும், அகற்றப்பட்டவை சேமிப்பறையில் கிடக்கின்றன என்றும் தெரியவந்தது. ரசனை மாறியது, மண்டபத்து மலைகள் துடைக்கும் துணிகளாயின.

தந்தையார் பேரரசரிடம் விண்ணப்பித்து அவற்றைப் பெற்றுக்கொள்ள இசைவு வாங்கினார். ஓவியங்கள் வண்டியில் ஏற்றி மாளிகைக்குக் கொண்டுவரப்பட்டன. அவ்வீட்டின் சுவர்கள் எங்கும் குவோ ஷியின் மலைகளே நிறைந்திருந்தன என்று மகன் எழுதுகிறார்.

1127இல் வடக்கிலிருந்து வந்த சுர்சென் படைகள் கைஃபெங்கைக் கைப்பற்றின. ஹுய்சோங் சிறைப்பிடிக்கப்பட்டார். அரண்மனைச் சுவர்களில் எழுதப்பட்டவையும் அறிஞர் கழகத்துத் திரையும் இன்று இல்லை. மிக அரிதாக எஞ்சியவற்றுள் ஒன்றான ‘இளவேனில் தொடக்கம்’ பல கைகள் மாறி, 18ஆம் நூற்றாண்டில் சியான்லோங் பேரரசரின் சேமிப்பில் இருந்தது. மலைக்கு மேலே வானாக விடப்பட்டிருந்த வெற்றிடத்தில் அவர் தம் கவிதையொன்றை எழுதிச் சேர்த்தார். அரசர்கள் பலரின் முத்திரைகளும் அதில் பதிந்துள்ளன. தைபே நகரின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள அப்பட்டு, காலத்தால் பழுப்பேறியிருக்கிறது. இடப்புற விளிம்பில், பருவத்தின் பெயரும் ஆண்டும் தம் பெயரும் அடங்கிய ஒரே வரியை மட்டும் குவோ ஷி எழுதிவைத்திருக்கிறார். அவ்வரிக்குக் கீழே, நீர்க்கரையில், குழந்தையுடன் அந்தப் பெண் படகை விட்டு இறங்கி நடந்துகொண்டிருக்கிறார்.